ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெட்: ஃபைபரா, ரேடியோவா, லேசரா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். ஃபேக்டரி தருமபுரி ரோட்டுக்கு இந்தப் பக்கம், புதிதாக வாங்கிய குடோன் அந்தப் பக்கம். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி 420 மீட்டர். குடோனில் 40 கேமரா, பில் போட இரண்டு கம்ப்யூட்டர். "ஏம்ப்பா, லேசர்ல நெட் வருதாமே, வயரே வேணாமாமே, அதையே மாட்டிடலாமா?" என்றார். மாட்டலாம்தான். மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழை கேபிளுக்கு, நிகர் எதுவும் இல்லை, அதில் வாதமே வேண்டாம். மழையும் பனியும் அதற்குத் தெரியாது. இன்று நொடிக்கு 1 ஜிபி (ஜிகாபிட்) ஓடும் இழையில், நாளை இரு முனையிலும் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலை மாற்றினால் 10 ஜிபி ஓடும். கேபிளின் விலையும் பெரிதல்ல. பணத்தையும் நாளையும் தின்பது நெடுஞ்சாலையைக் கடப்பதுதான்: அனுமதிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும், ரோட்டுக்கு அடியில் துளை போடும் மெஷினைக் கொண்டுவர வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் தூக்கிக் கட்டினால் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று போதும், இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது ரேடியோ, அதாவது 5 ஜிகாஹெர்ட்ஸ் டிஷ். 2018-ல் இந்தியாவில் இந்தப் பட்டையில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த வழி திறந்தார்கள். விலை குறைவு, ஒரு மதியத்தில் மாட்டி முடித்துவிடலாம். நொடிக்குச் சில நூறு எம்பி (மெகாபிட்) வேகம் நிஜமாகவே கிடைக்கும். கேமராவுக்கு 4 எம்பி வைத்தாலும் 40 கேமராவுக்கு 160 தான், தாங்கும். தொல்லை நெரிசல்தான். ஊரில் எந்த மாடிக்குப் போனாலும் யாராவது ஒருவருடைய டிஷ் நிற்கிறது. இன்று சுத்தமாக இருக்கும் சானலில் நாளை இன்னொருவர் வந்து உட்காருவார், யாரிடம் போய்க் கேட்பது? இன்னொன்று மாமரம். ரேடியோ அலைக்கு நேர்க்கோடு மட்டும் போதாது, 420 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி 2.3 மீட்டர் ஆரத்துக்காவது காலியிடம் வேண்டும். தோப்பு வளர வளர சிக்னல் தேயும்.

லேசர் என்றால் மாடிக்கு ஒரு பெட்டி, நடுவே காற்றில் ஓடும் ஒளிக்கற்றை. அதற்கு நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரிந்தால் போதும். நெரிசல் கிடையாது, ரேடியோ லைசென்ஸ் பேச்சே இல்லை, 1 ஜிபி சாதாரணமாக ஓடும். இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. தொலைபேசி புகழ் கிரகாம் பெல் 1880-லேயே சூரிய ஒளிக்கற்றையில் பேச்சை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பிவிட்டார். நம் காலத்தில், அப்போது கூகுளின் தாய் நிறுவனத்திடம் இருந்த தாரா திட்டம், காங்கோ ஆற்றின் இரு கரையிலும் உள்ள பிராசவில், கின்ஷாசா நகரங்களை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒளியால் இணைத்தது. ஃபைபரில் போனால் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. ஆனால் அந்தக் கருவியில் கண்ணாடிகள் தானாகத் திரும்பிக் கற்றையைக் குறியில் வைத்துக்கொள்ளும். நம் பட்ஜெட்டுக்கு வருகிற பெட்டியில் அது இருக்காது. வித்தியாசமே அங்கேதான்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி மழை. எல்லோரும் கேட்பது அதுதான், ஆனால் பயப்பட வேண்டியது பனிமூட்டத்துக்கு. கொட்டும் மழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் இழப்பு என்றால், 420 மீட்டரில் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறையும். பெட்டி சமாளித்துவிடும். அடர்ந்த பனிமூட்டத்தில் கிலோமீட்டருக்கு 100 டெசிபலுக்கு மேல் போகும். அதே 420 மீட்டரில் மிஞ்சுவது பதினாறாயிரத்தில் ஒரு பங்கு! துளி சின்னதுதான், ஆனால் எண்ணிக்கை அப்படி. வந்த ஒளியையெல்லாம் நாலா பக்கமும் சிதறடித்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கோ பனி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதிர் மாடி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் லேசருக்கும் தெரியாது, இதைவிடச் சுலபமான கணக்கு இல்லை. அதனால் மார்கழிக் காலையில் லாரிகள் லைட் போட்டு ஊர்கிற ஓசூர், தளி பக்கம் யாராவது லேசர் கேட்டால், 200 மீட்டருக்கு மேல் வேண்டாம் என்றே சொல்லுவேன்.

பனியைவிட என்னை அழவைத்தது தகரக் கூரை. முன்பு ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் ஷெட் கூரையின் இரும்புச் சட்டத்திலேயே குழாயை நிறுத்தி லேசர் பெட்டியை மாட்டினோம். காலையில் அருமையாக ஓடியது. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் படுத்தது, நாலு மணிக்குத் தானாக எழுந்தது. கேபிளை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம், லென்ஸில் படிந்த கல்தூளைத் துடைத்தோம். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண் வைத்தபோதுதான் தெரிந்தது: காலையில் எதிர்ப்பெட்டியின் நடுவில் நின்ற குறுக்குக் கோடு பக்கத்துச் சுவரில் நிற்கிறது. வெயிலில் இரும்பு விரிந்து குழாய் சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் 420 மீட்டரில் குறி 7 மீட்டர் தள்ளிப் போகும். கற்றையின் அகலமோ அங்கே ஒரு மீட்டர்கூட இருக்காது. ரேடியோ டிஷ் ஒரு டிகிரியைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. (பெட்டி ஓடும்போது அதன் லென்ஸுக்கு எதிரே பைனாகுலரோடு நிற்காதீர்கள். ஒளியின் அலைநீளம் 1550 நானோமீட்டராக உள்ள பெட்டி 850-ஐவிடக் கண்ணுக்குப் பரவாயில்லை என்றாலும், அந்த விளையாட்டு வேண்டாம்.)

காக்கா பறந்தால் கட் ஆகுமா என்றும் கேட்டார். ஆகும், ஒரு நொடிகூட இருக்காது. கேமரா படம் லேசாகத் தடுக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் ரோடு வடக்கு தெற்காக ஓடுவதால் கற்றை கிழக்கு மேற்காகப் போகிறது. வருஷத்தில் சில நாள், சூரியன் உதிக்கும்போதோ இறங்கும்போதோ நேராக லென்ஸுக்குள் விழுந்து சில நிமிஷம் குருடாக்கும். தார் ரோட்டின் கானலுக்குக் கற்றையை உயரத் தூக்கினால் போதும்.

என் கணக்கு இது. 40 கேமராவுக்கு மட்டும் என்றால் ரேடியோவே போதும், லேசர் ஆடம்பரம். ஆனால் அடுத்த சீசனில் குடோனிலேயே ஆபீசும் சர்வரும் வரப்போகிறது என்றார். அப்படியானால் லேசர் முதல், ரேடியோ துணை. பனி மூடினால் ரௌட்டர் தானாக ரேடியோவுக்குத் தாவும், வேகம் குறைந்தாலும் லைன் சாகாது. ஃபைபர் அனுமதிக்கு இன்றே எழுதிப் போடுங்கள், வரும்போது வரட்டும் என்றும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, எந்தப் பெட்டி, என்ன விலை என்று அவர் கேட்கவே இல்லை. மாடிப் படியில் இறங்கிக்கொண்டே மேஸ்திரிக்கு போன் போட்டார். "ரெண்டு மாடியிலயும் தூண் மேல கான்கிரீட் பீடம் வேணும்ப்பா. தகரத்துல ஒண்ணும் வேணாம்."