64 பக்கக் கறுப்பு ஸ்டாக் புக்: உலகம் முழுக்கச் சேர்ப்பவர்களுக்கு ஒத்துவருமா?

தபால்தலைகளை ஒட்டாமல், பட்டைகளுக்குள் செருகிவைக்கும் புத்தகம்தான் ஸ்டாக் புக். உலக நாடுகளின் தபால்தலைகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "நீங்க வெச்சிருக்கிற அதே ஸ்டாக் புக்கையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் அப்படி. அன்றைக்குத்தான் ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும் நாடுகள் மொத்தத்தையும் மறுபடி இடம் மாற்றி முடித்திருந்தேன். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும். இருந்தாலும் பல வருடமாகக் கையில் புழங்கும் பொருள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தைத்துக் கட்டிய, கெட்டி அட்டை போட்ட வழக்கமான வகைதான். பக்கத்துக்கு 9 வரி, தெளிவான பிலிம் பட்டை, பக்கங்களுக்கு நடுவே கிளாசின் என்ற மெல்லிய, வழவழப்பான தாள்.

இதில் நான் மயங்கிப்போனது கறுப்புத் தாளில். வெள்ளைப் பக்கத்தில் தபால்தலையின் ஓரம் தாளோடு தாளாகக் கலந்துவிடும். கறுப்பில் எதுவும் ஒளியாது. பின்லாந்தின் 1860ஆம் வருடத் தபால்தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாளிலிருந்து தலைகளைப் பிரிக்கப் போடும் வட்டத் துளை அவற்றில் கிடையாது. விளிம்பை அலை அலையாக, நீளமான பற்களாக வெட்டியிருப்பார்கள். எல்லாப் பல்லும் முழுசாக உள்ள தலை கிடைப்பது அபூர்வம். என்னிடம் இருப்பதைக் கறுப்புப் பக்கத்தில் செருகியபோதுதான், மேல் வலது மூலையில் ஒரு பல் பாதியாக நிற்பதும் கீழ்வரிசையில் ஒன்று அடியோடு இல்லாததும் பளிச்சென்று தெரிந்தன. லென்ஸ்கூட எடுக்கவில்லை. பிரிட்டனின் பழைய சிவப்பு ஒரு பென்னித் தபால்தலையும் அப்படித்தான். 1854 வரை அதற்குத் துளை போடவில்லை. 240 தலை கொண்ட தாளிலிருந்து கத்தரித்து எடுத்தார்கள். நாலு பக்கமும் ஓரம் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் அதில் முக்கியம். கறுப்பின் மேல் வைத்தால் எந்தப் பக்கம் ஓரம் மெலிந்து படத்தைத் தொடுகிறது என்று ஒரு பார்வையில் பிடித்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வெள்ளைப் பக்க ஸ்டாக் புக்கை நான் திரும்பத் தொடவில்லை.

பட்டையும் நன்றாக உழைக்கிறது. பழைய புத்தகங்களில் கிளாசின் பட்டை மஞ்சளித்து, தொட்டால் கிழியும். இந்த பிலிம் இன்னும் தெளிவாக இருக்கிறது. வாங்கும்போது பி.வி.சி. இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், மெத்தென்ற பி.வி.சி.யிலிருந்து கசியும் ரசாயனம் தபால்தலை மையைக் கெடுத்துவிடும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இது தைத்த புத்தகம். நடுவில் ஒரு பக்கம் சேர்க்க முடியாது. ஒரே நாட்டைச் சேர்ப்பவருக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. உலகம் முழுக்கச் சேர்ப்பவருக்கோ எந்த நாடு எப்போது வளரும் என்று சொல்லவே முடியாது. என்னைப் படுத்தியது அஜ்மான். 1960களின் நடுவிலிருந்து அஜ்மான், ஃபுஜைரா போன்ற சின்ன அமீரகங்கள் சேகரிப்பவர்களை நம்பியே பெரிய பெரிய வண்ணத் தலைகளாக அச்சடித்துத் தள்ளின. ஒரு கவர் கலவைத் தபால்தலை வாங்கினால் அதில் பாதி இவைதான். ஒவ்வொன்றும் உயரமானது, ஒரு வரியில் நிற்காமல் மேல்வரியையும் மறைத்துவிடும். ஆங்கில அகர வரிசையில் அஜ்மான் எங்கே வருகிறது? ஆப்கானிஸ்தானுக்கும் அல்பேனியாவுக்கும் நடுவில். அதற்கு ஒரு பக்கம் கூட வேண்டுமென்றால் அல்பேனியா, அல்ஜீரியா, அந்தோரா, அங்கோலா, அர்ஜென்டினா என்று வரிசையாக எல்லாம் தள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவும் ஆஸ்திரியாவும் பெரிய நாடுகள். அவை நகர்ந்தால் புத்தகமே நிரம்பி, கடைசி நாடு அடுத்த புத்தகத்துக்குப் போகும். அங்கே 'பி' காத்துக்கொண்டிருக்கும்.

முன்கூட்டியே இடம் விட்டுவைக்கலாமே என்பீர்கள். விட்டுப் பார்த்தாயிற்று. விட்ட இடம் காலியாகவே கிடக்கும், விடாத இடத்தில் குவியும். பெயர் மாறிய நாடுகள் வேறு. தஹோமே 1975இல் பெனின் ஆனது. மேல் வோல்ட்டா 1984இல் புர்கினா ஃபாசோ ஆனது. 1972 வரை சிலோன் என்று வந்தவற்றை ஸ்ரீலங்காவோடு சேர்த்தால் ஓர் ஒழுங்கு, தனியாக வைத்தால் வேறோர் ஒழுங்கு. ஜெர்மனியின் மிஷெல் தபால்தலைப் பட்டியலைப்போல் நிலப்பகுதி வாரியாக அடுக்கினால் தீரும் என்று அதையும் செய்து பார்த்தேன். யுகோஸ்லாவியாவும் சோவியத் ஒன்றியமும் சிதறிய பக்கங்களில் அதே சிக்கல்தான் வந்து நின்றது. எந்த வரிசையில் அடுக்கினாலும் தையல் விட்டுக்கொடுப்பதில்லை.

வெறும் வேலைச்சுமை என்றால் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை ட்வீசரால் எடுத்துச் செருகும்போதும் பல் பட்டையின் விளிம்பில் உரசுகிறது. பல் இருக்கிறதா என்று அவ்வளவு துல்லியமாகக் காட்டும் புத்தகமே பல்லை உடைக்கவும் வழி செய்கிறது என்றால் எரிச்சல் வருமா வராதா? அந்த பின்லாந்துத் தலையை மட்டும் நான் அசைப்பதில்லை. வரிசையில் அதற்கு முன்னால் நிற்கும் பிஜி எவ்வளவு பெருத்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்புறம், இடம் மிச்சம் பிடிக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகாதீர்கள். புத்தகம் வாய் பிளந்து முதுகு இற்றுப்போகும். ஒன்றுக்கு பைண்டிங் போட வேண்டி வந்தது. புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கவும் கூடாது. முத்திரை குத்தாத, பசையோடு உள்ள தலைகள் அழுத்தத்திலும் ஈரத்திலும் கறுப்புத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நிமிர்த்தி, நெருக்கிச் செருகாமல், காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும் இடத்தில் வையுங்கள். கழுவி எடுத்த தலைகள் முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே போகட்டும்.

மாற்று என்ன? ஒவ்வொரு தலைக்கும் கட்டம் அச்சிட்ட ஆல்பம் உலகச் சேகரிப்புக்கு வேண்டவே வேண்டாம். முக்கால்வாசி கட்டம் வெறுமையாகவே இருக்கும். வளையம் வைத்த பைண்டரில் மாட்டும் கறுப்பு பிளாஸ்டிக் தாள்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பை ஆழமாக இருப்பதால் சின்னத் தலை உள்ளே சரிந்து கோணலாக நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போது ஸ்டாக் புக்கில் கிடைக்கும் நிறைவு அதில் இல்லை. ஆனால் அஜ்மான் பெருத்தால் ஒரு தாளை மாட்டினால் போதும். அல்பேனியாவைத் தொட வேண்டாம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம், வாங்காதீர்கள். பைண்டரும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தாளும் வாங்குங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், இந்த வாரம் என்னால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. முடிந்துபோன நாடுகளுக்கு இந்தக் கறுப்பு ஸ்டாக் புக்கை மிஞ்ச எதுவும் இல்லை. டான்சிக் (இன்று போலந்தில் உள்ள க்டான்ஸ்க் நகரம்) 1920இல் தொடங்கி 1939இல் நின்றது. கிழக்கு ஜெர்மனி 1949இலிருந்து 1990 வரை. மொத்தம் எத்தனை தலை என்று பட்டியலில் எண்ணி, இடத்தை அளந்து விட்டுவிடலாம். அதன்பின் ஒன்றைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. கிழக்கு ஜெர்மனிக்கென்று நானே இன்னொன்று வாங்கப்போகிறேன், அதே 64 பக்கம், அதே கறுப்பு.