ஒளிவெள்ளத்தில் நிற்கும் பழங்கட்டடங்களும் லைட்ரூம் கிளாசிக்கும்

இரவில் விளக்கொளி பாய்ச்சப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களைப் படமெடுப்பவர்களுக்கு அடோபி நிறுவனத்தின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். விளக்குகள் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டித் தரையில் பதிக்கப்படுகின்றன. அதனால் அருகிலுள்ள கல் வெளுத்துப்போக, உயரம் கூடக்கூட ஒளி வேகமாகக் குறைந்து, உச்சி இருளில் மறைந்துவிடுகிறது. நிழல்களும் பகலில் விழுவதற்கு நேரெதிராக மேல்நோக்கி எழுவதால், பகல் வெயிலை மனத்தில் வைத்துச் சிற்பி செதுக்கிய மேடுபள்ளங்கள் முற்றிலும் வேறு முகம் காட்டுகின்றன.

வெளிச்சத்தைச் சமன்செய்வதில் இம்மென்பொருள் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. 2021 அக்டோபரில் மாஸ்க் கருவிகள் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்த உதவுபவை) புதிதாக அமைக்கப்பட்டன; இந்த வேலைக்கு இதில் உள்ளவற்றிலேயே பயன்மிக்கவை அவைதாம் என்பது என் கருத்து. கட்டடத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு லீனியர் கிரேடியன்ட்டை (படிப்படியாக மங்கும் தேர்வை) இழுத்து, அதை லூமினன்ஸ் ரேஞ்சுடன் (ஒளி அளவை வைத்துச் செய்யும் தேர்வுடன்) இன்டர்செக்ட் செய்தால், அதாவது இரண்டிலும் பொதுவாக உள்ளதை மட்டும் எடுத்தால், கீழ்ப்பகுதியில் அளவுக்கு மீறி ஒளிரும் கல் மட்டுமே தேர்வாகும். அதன் இடையிலுள்ள இருண்ட வாயில்களும் மாடங்களும் தொடப்படாமல் நிற்கும். பிறகு எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, சிறிது சிறிதாகக் குறைக்கலாம். படம் முழுவதற்கும், மிகை ஒளிப் பகுதிகளைத் தணிக்கும் ஹைலைட்ஸ் ஸ்லைடரை எல்லைவரை இழுப்பதே பலரது வழக்கம். ஆனால் அது கல்லின் சொரசொரப்பைச் சாம்பல் பூசியதுபோல் மழுங்கடித்துவிடுவதால், அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரே படத்தில் அடங்காத ஒளி வேறுபாட்டுக்கு, முக்காலியில் வைத்து 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) இடைவெளியில் 3 படங்கள் எடுத்து, அவற்றை ஒரே படமாக்கும் எச்.டி.ஆர். மெர்ஜ் வழியாக இணைக்கலாம். கிடைப்பது, கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பைப் போலவே திருத்தக்கூடிய டி.என்.ஜி. கோப்பு, அதில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் வழக்கமான 5 ஸ்டாப்புக்குப் பதிலாக இருபுறமும் 10 ஸ்டாப் வரை நகரும். இடையே நடந்துசென்றவர்களால் உண்டாகும் இரட்டை உருவங்களை டீகோஸ்ட் வசதி நீக்குகிறது. இவ்வளவு வசதி இருப்பதாலேயே நிழல்களை எல்லாம் தூக்கிவிடும் ஆசையும் வருகிறது. இருள் அற்றுப்போன இரவுப் படத்தில் கட்டடத்தின் கனமும் போய்விடுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை இதே பாராட்டைச் சொல்ல இயலவில்லை. ரா கோப்பில் ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்குவதில்லை. உயரழுத்த சோடியம் விளக்கின் நிற வெப்பநிலையே (இது குறையக்குறைய ஒளி ஆரஞ்சாகும்) ஏறத்தாழ அந்த அளவில்தான் இருப்பதால், ஆரஞ்சு நிறத்தைத் தணிக்க மேற்கொண்டு இடமே இருப்பதில்லை. மாஸ்க்கினுள் டெம்ப் ஸ்லைடரைத் தனியாக நீல நிறத்தை நோக்கி நகர்த்தியும், குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் மாற்றும், 2023 அக்டோபரில் வந்த பாயின்ட் கலர் மூலமாகவும் ஓரளவு ஈடுகட்டலாம். முகப்பின் ஒரு பகுதியில் சோடியம் விளக்கும் மறுபகுதியில் வெள்ளை எல்.இ.டி. விளக்கும் எரியும் இடங்களில் இவ்விரண்டும் பெரிதும் உதவுகின்றன. ஆனால் தாழழுத்த சோடியம் விளக்கு, 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. கல்லின் உண்மை நிறம் கேமராவில் பதிவாகவே இல்லாதபோது, அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதே நேர்மையான வழி.

இந்த விளக்குகளின் கீழ் கேமரா தனித்தனியே பதியும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும் என்பதையும் மறக்கலாகாது. அது நிரம்பிய இடத்தில் மென்பொருள் மற்ற சேனல்களைக் கொண்டு ஊகிக்கிறதே ஒழிய, இழந்த நுணுக்கத்தைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே படமெடுக்கும்போதே மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் (ஒளிப் பரவல் வரைபடத்தையும்) தனித்தனியே பார்த்து எக்ஸ்போஷரை முடிவுசெய்பவர்களுக்குத்தான் இங்கே சொன்ன மாஸ்க் கருவிகள் முழுப் பயன் தரும்.

படத்தில் தோன்றும் பொரிப்பொரியான இரைச்சலை நீக்க 2023 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட டீனாய்ஸ் வசதி, முக்காலியும் குறைந்த ஐ.எஸ்.ஓ.வும் (ஒளியுணர்வு அளவும்) பயன்படுத்துவோருக்கு அதிகம் தேவைப்படாது. முக்காலிக்கு அனுமதி இல்லாத வளாகங்களில் கையில் பிடித்து எடுக்கும் படங்களுக்கு அது பெரும் துணை. லைட்ரூம் கிளாசிக்கைச் சந்தா கட்டியே பயன்படுத்த வேண்டியிருப்பதால், எப்போதாவது ஒரு கட்டடத்தை எடுப்பவருக்கு இது தேவையில்லை. தொடர்ந்து இவ்வகைப் படங்களில் ஈடுபடுவோர் அந்த மாஸ்க் கருவிகளுக்காக மட்டுமே வாங்கலாம்.