துணி தளரவில்லை, உள்வார் தளர்ந்துவிட்டது

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், கொசுவம் வைத்த கம்பளி உடுப்பான கில்ட்டின் உள்வாரை இரண்டாம் முறையாக மாற்றித் தைத்த கையோடு இதை எழுதுகிறேன். எட்டுக் கஜம், 16 அவுன்ஸ் கம்பளி, கைத்தையல். துணியின் கனம் 13 அவுன்ஸ் போதுமா, 16 எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஏப்ரன் (முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், கொசுவமில்லாத இரு பாகங்கள்), ஸ்போரன் (முன்னால் தொங்கும் பை) எல்லாம் தெரிந்தேயிருக்கும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

துணியில் குறை சொல்ல இடமில்லை. இரட்டை அகலத்தில் 4 கஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக்கி, இணைப்பை ஒரு கொசுவத்துக்குள் மறைத்து 8 கஜமாக்குகிறார்கள். 16 அவுன்ஸ் என்பது இரட்டை அகலத்தில் ஒரு கஜத்தின் எடை. எனவே வெட்டுமுன் 4 கஜத்தின் எடை 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ. நடக்கையில் பின்பக்கம் வீசுவதும், நின்றவுடன் கொசுவம் தன் இடத்தில் வந்து விழுவதும் அந்தக் கனத்தால்தான். அடியில் மடித்துத் தைத்த ஓரம் கிடையாது. துணியின் கரையே விளிம்பு என்பதால் பிரிவதற்கு நூலே இல்லை. இத்தனை அருமையான துணி.

இதைத் தாங்குவதோ ஒன்றேகால் அங்குல அகலமுள்ள மூன்று தோல் வார்கள். வலப்பக்கம் இடுப்பில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. மூன்றாவதுதான் உள்வார். உள் ஏப்ரனின் ஓரத்தில் தைக்கப்பட்டு, இடப்பக்கத் துளை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். மேல் ஏப்ரனைப் போர்த்துமுன் மொத்த எடையும் இதில்தான் நிற்கிறது. உடம்பை ஒட்டியிருப்பதால் வியர்வையும் இதற்கே அதிகம். தோல் நீண்டு, ஓட்டை நீள்வட்டமாகி, கில்ட் மெல்லச் சரியும். முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டிய விளிம்பு ஓர் அங்குலம் இறங்கினாலும் அளவு தப்பிய உடுப்பு போலத் தெரியும். அளவு தப்பவில்லை, வார்தான் தளர்ந்திருக்கிறது.

தோல் தேய்வதை மன்னிக்கலாம். வாரை லைனிங்கோடு மட்டும் சேர்த்துத் தைத்திருந்ததை மன்னிக்கவே முடியாது. கில்ட்டுக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு கேன்வாஸ், அதாவது விறைப்பான முரட்டுத் துணி, ஓட வேண்டும். வாரும் பக்கிளும் அதைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இழுவிசை கொசுவத் தையலுக்குப் போய், நேராக நிற்க வேண்டிய கோடுகள் வளைகின்றன. டார்ட்டன் எனும் ஸ்காட்லாந்துக் கட்டம் பின்பக்கமும் தொடரும்படி மடித்த கில்ட்டில் இந்தக் கோணல் பளிச்சென்று கண்ணில் படும். இவ்வளவு விலையில் இந்தச் சிக்கனம் எதற்கு?

மாற்றும்போது பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்தெடுங்கள். இழுத்தால் கம்பளி கிழியும். 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள சேணத் தோல் எடுத்து, மெழுகிட்ட நூலால், ஊசி மேல்துணியையும் கேன்வாஸையும் சேர்த்துப் பிடிக்கும்படி நாற்புறமும் தையுங்கள். கேன்வாஸே இல்லையென்றால் லைனிங்கைப் பிரித்து முதலில் அதை வையுங்கள். பழைய வாரில் இடையிடையே புதிய ஓட்டை போடுவது வீண்வேலை, அங்கேயே அறுந்துவிடும்.

உடுத்தும்போது முதலில் உள்வார், அடுத்து வலப்பக்க இடுப்பு வார். கீழ்வாரை ஒட்டி நிற்கும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். அதை இறுக்கினால் பின்னால் கொசுவம் வாய் பிளக்கும். கில்ட் ஊக்கை மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். மேல், உள் ஏப்ரன் இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

கழற்றியதும் வார்களை விடுவித்து, இடுப்புப் பட்டியைக் கிளிப்பில் மாட்டி இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். மறுநாள் பிரஷ் போட்டால் போதும். வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நனைந்த தோலை ஹீட்டர் அருகில் காயவைத்தால் வெடிக்கும். இஸ்திரிக்கு முன் ஒவ்வொரு கொசுவத்தையும் நீளநீளமாக நூலோட்டிப் பிடித்து, ஈரத்துணி விரித்து, பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். பூச்சி அரித்த அடையாளம் தெரிந்தால் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள்.

எடையைப் பற்றிய கேள்விக்கு: குளிரிலும் காற்றிலும் 16 அவுன்ஸ், சூடான மண்டபத்தில் நடனமென்றால் 13. அளவைத் தொப்புள் மட்டத்தில் எடுங்கள். பேண்ட் அளவைக் கொடுத்துவிட்டால் எத்தனை வார் மாற்றினாலும் சரிவராது.

துணிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் இதே கடையில் வாங்கச் சொல்ல மாட்டேன். உள்ளே கேன்வாஸ் உண்டா, வார் அதோடு சேர்த்துத் தைக்கப்பட்டதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். லைனிங் போடுமுன் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு தையற்காரரைப் பாருங்கள்.