டிஜிட்டல் வெல்பீயிங், ஸ்க்ரீன் டைம்: ஒரு விசுவாசிக்கு இது உதவுமா?

ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோன்ல ஸ்க்ரீன் டைம், எந்த ஆப்ல எவ்ளோ நேரம் போகுதுன்னு காட்டி அதுக்கு வரம்பு வைக்கற வசதி, ரெண்டுமே 2018ல வந்ததுதான், செட்டிங்ஸ்லயே இருக்கும், ஆனா நெறைய பேர் இது பிள்ளைங்களுக்குன்னு நெனச்சு திறந்தே பாக்கறது இல்ல. நான் இதை ஒரே ஒரு கேள்வியோடதான் பாத்தேன், "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்"னு சங்கீதம் 101ல தாவீது சொல்றாரே, கையிலயே ஃபோன் வச்சிருக்கற ஒருத்தர் அந்த வார்த்தைய காப்பாத்த இது உதவுமா?

உதவுது, ஆனா பாதி வழி வரைக்கும்தான்.

ஆப் டைமர் நல்லா வேலை செய்யுது. டைம் முடிஞ்சா ஐகான் மங்கிடும், ஆப் திறக்காது, நைட் பன்னெண்டுக்கு அப்புறம்தான் மறுபடி. ஆண்ட்ராய்டோட பெட்டைம் மோட்ல ஸ்க்ரீன கருப்பு வெள்ளையா மாத்திக்கலாம், அது எனக்கு ரொம்ப புடிச்சது, கலர் போனதும் கண்ண இழுக்கற வேகம் நெஜமாவே கொறையுது.

பிரச்சனை என்னன்னா டைமருக்கு நிமிஷம் மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் பிரசங்கம் கேட்டாலும் அரை மணி நேரம் ஒரு தேவ ஊழியர இன்னொரு ஊழியர் கிழிக்கறத கேட்டாலும் அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கெட்ட இன்ஃப்ளுயன்ஸ்னு சொன்னாலே நாம ஆபாசத்த மட்டும் நெனைக்கறோம், ஆனா விசுவாசிங்கள அதிகமா அரிக்கறது வேற, ஜெப விண்ணப்பம்ங்கற பேர்ல ஒரு குடும்பத்தோட கதைய குரூப்ல போடறது, தீர்க்கதரிசனம்னு சொல்லி பயத்த மட்டுமே விதைக்கற வீடியோ, அடுத்தவங்க ஆசீர்வாதத்த ஸ்டேட்டஸ்ல பாத்து பாத்து உள்ள வர்ற கசப்பு. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்"னு 1 கொரிந்தியர் 15:33 சொல்றது இதத்தான், அதுக்கு பத்து நிமிஷம் கூட வேணாம், ஒரு ஃபார்வர்டு போதும்.

அதனால டைமரோட நிறுத்தாம ஆப்புக்குள்ளயும் போகணும். வாட்ஸ்அப்ல குரூப்ப விட்டு வெளிய வந்தா இப்போ அட்மினுக்கு மட்டும்தான் நோட்டிஃபிகேஷன் போகும், 2022ல இருந்து அப்படித்தான், "எல்லாரும் என்ன நெனப்பாங்க"ன்னு உக்காந்திருந்தவங்களுக்கு இது பெரிய விடுதலை. எஜமானோட மனைவி தப்புக்கு இழுத்தப்போ யோசேப்பு வஸ்திரத்த விட்டுட்டே ஓடினார், நாம ஒரு குரூப்ப விட தயங்கறோம். யூடியூப்ல வாட்ச் ஹிஸ்டரிய ஆஃப் பண்ணி பழசையும் அழிச்சிட்டா ஹோம் பேஜே காலியாயிடும், தேடினாதான் வீடியோ வரும், இந்த ஒரு செட்டிங்குக்காகவே நான் முழு மார்க் குடுப்பேன்.

ஆனா காலி பண்ணா மட்டும் பத்தாது பாருங்க. மத்தேயு 12ல இயேசு சொன்ன அந்த வீடு, பெருக்கி ஜோடிச்சு வெறுமையா இருந்துச்சு, அதனாலதான் அத விட்டு போன அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிய கூட்டிட்டு வந்துச்சு. எந்த செட்டிங்கும் அந்த எடத்த நெரப்பாது. வனாந்தரத்துல சோதனை வந்தப்போ இயேசு மூணு தடவையும் உபாகமத்துல இருந்து பதில் சொன்னார், வசனம் ஏற்கனவே உள்ள இருந்ததாலதான் அந்த நேரத்துல வாயில வந்துச்சு. டைமர் மிச்சம் பண்ணி குடுக்கற நேரத்துல வேதத்த திறக்கலைன்னா வேற ஒரு ஆப் அந்த எடத்துக்கு வந்துடும், இது ரொம்ப வேகமா நடக்கும்.

இன்னொரு பலவீனம், டைமர போட்ட கையே அத எடுக்கவும் முடியும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போனா டைமர நீக்கிடலாம், ஐபோன்ல கோட் போடலைன்னா "இன்னைக்கு லிமிட்ட கண்டுக்காதே"ங்கற மாதிரி ஒரு பட்டனே வரும். மனசு பலவீனமா இருக்கற ராத்திரியில அந்த பட்டன அமுக்க எவ்ளோ நேரம் ஆகும் சொல்லுங்க.

ஐபோன்ல இதுக்கு வழி இருக்கு, ஸ்க்ரீன் டைம் பாஸ்கோட். அத நீங்க வைக்காதீங்க, கணவனோ மனைவியோ, இல்ல சபையில நீங்க நம்பற ஒரு அண்ணனோ அக்காவோ, அவங்க கையால டைப் பண்ண வைங்க. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு"ன்னு யாக்கோபு எழுதினது இந்த எடத்துலதான் உயிரோட வேலை செய்யுது, ஏன்னா அந்த கோட் கேக்கணும்னா ஏன் கேக்கறீங்கன்னும் சொல்லணும். கோட் மறந்தா ரீசெட் பண்றதுக்கு ஆப்பிள் அக்கவுன்ட் கேக்கும், அங்கயும் உங்களோடத போடாதீங்க, அவங்களோடத போட சொல்லுங்க, இல்லைன்னா நீங்களே ரீசெட் பண்ணிக்கலாம்.