இரண்டு கல்யாண உடை, ஒரே தையல் கடை (காட்பாடி)

காட்பாடியில் கல்யாண கவுன் தைக்க இடம் தேடுபவர்கள் இந்தக் கடைக்குத் தைரியமாகப் போகலாம். என்னோடு படிக்கும், நைஜீரியாவின் இக்போ இனத்தைச் சேர்ந்த தோழிக்கு இங்கேதான் தைத்தோம், சர்ச்சுக்கு வெள்ளை கவுன், அதற்கு முன்னால் பெண் வீட்டில் நடக்கும் பாரம்பரியக் கல்யாணத்துக்கு ஜார்ஜ் துணியில் ஒரு பிளவுஸ். அந்தத் துணி நம்ம மெட்ராஸிலிருந்து காலங்காலமாகக் கப்பலேறிப் போனது என்றதும் மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம்!

கவுன் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது, லேஸ் வேலை அருமை. டிரையல் மட்டும் சொன்ன நாளில் கிடைக்கவில்லை, முகூர்த்த சீசனில் போன் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

எதற்கு இரண்டு கல்யாணம் என்று மாஸ்டரே கேட்டார். இக்போ வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசத்தை, பெண்ணை விலைக்கு வாங்குவதாக நினைத்துப் பல மிஷனரிகள் எதிர்த்தார்கள், பல மனைவிகள் உள்ளவருக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று 1888 லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சர்ச் வழிவந்த) பிஷப்புகள் தீர்மானமே போட்டார்கள், 1988ல்தான் நிபந்தனையோடு தளர்த்தினார்கள். ஆனாலும் பரிசம் போகவில்லை. மணப்பெண் கையில் பனங்கள்ளோடு கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கொடுக்கும் சடங்கும் அப்படியே இருக்கிறது, சர்ச் கல்யாணம் அதோடு சேர்ந்துகொண்டது. இங்கேயும் அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853ல் தொடங்கியும், சர்ச் ஐயர் (பாதிரியார்) ஜெபித்துக் கொடுக்கும் தாலியைத்தானே கட்டுகிறோம்? வரதட்சணை வாங்கும் நாம் அவர்கள் பரிசத்தைக் குறை சொல்லவே கூடாது.

அப்புறம், லைனிங் துணியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், கடையில் இருப்பது வேலூர் வெயிலுக்கு ரொம்பக் கனம்.