விரால் அடிப்பானின் பின்னால் ஓர் ஆண்டு: ஒரு செயற்கைக்கோள் தடச் சந்தாவின் மதிப்புரை

பவானிசாகர் அணையில், நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரத்தின் உச்சியில் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருந்து, திடீரெனக் கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்து, ஒரு ஜிலேபி மீனுடன் மேலெழும்பி, நனைந்த உடம்பை அந்தரத்திலேயே உதறிவிட்டு, மீனின் தலை முன்னால் வருமாறு திருப்பிப் பிடித்தபடி பறந்துபோகும் விரால் அடிப்பானைக் கோபிப் பக்கத்துப் பறவை ஆர்வலர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பரிசல்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். வடக்கேயிருந்து என்றேன். "வடக்கைன்னா மைசூருங்களா, அதுக்கும் அப்பாலைங்களா?" என்றார். குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளி என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அணைக்கு வரும் அந்தப் பறவையின் முதுகில், அது போகும் இடங்களைத் தெரிவிக்கும் கருவி ஏதும் இல்லை. ஆகவே அதே இனம் வேறொரு நாட்டில் எப்படி வலசை போகிறது என்றாவது அறியலாம் என்று, பிரிட்டனில் இயங்கும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் தடச் சந்தாவில் சென்ற பங்குனியில் சேர்ந்தேன். குறைகளையும் எழுதப்போவதால் அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். இதையொத்த சேவைகள் இன்னும் சில உள்ளன. ஆண்டுக் கட்டணம் நம் பணத்தில் ஒரு சிப்பம் நல்ல அரிசியின் விலை. அதற்கு ஸ்காட்லாந்தில் கூடு கட்டும் ஒரு பெண் பறவையையும், ஆடியில் கூட்டை விட்டுப் பறக்கத் தொடங்கும் அதன் குஞ்சு ஒன்றையும் வரைபடத்தில் பின்தொடரலாம். மாதம் ஒரு மின்மடலும் வரும்.

கருவியைப் பற்றிச் சேவை தரும் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவையின் முதுகில், புத்தகப்பை போல மென்மையான பட்டைகளால் மாட்டப்படும் இந்தக் கருவியின் எடை, பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும். 1978இல் தொடங்கிய ஆர்கோஸ் செயற்கைக்கோள் முறை மட்டும் இருந்த காலத்தில் பறவையின் இடம் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை பிசகும். இன்று ஜிபிஎஸ் இணைந்துவிட்டதால் எந்த மரத்தில் அமர்ந்தது என்பது வரை சொல்ல முடிகிறது. இத்தனை துல்லியம் இருந்தும், கூட்டின் இடத்தை மட்டும் வரைபடத்தில் வேண்டுமென்றே சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறார்கள். முட்டைத் திருடர்களாலும் வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் கூடு கட்டுவதையே நிறுத்திவிட்ட பறவை இது. 1954இல்தான் மீண்டும் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிப் பகுதியில் கூடு கட்டியது. ஆகவே இந்த மறைப்பை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை இனப்பெருக்கக் காலத்தில்தான் தொடங்குகிறது. சித்திரையில் முட்டையிட்ட பிறகு ஏறத்தாழ 37 நாள் அடைகாப்பதில் பெரும்பங்கு பெண்ணுடையது. மீன் கொண்டுவருவது ஆணின் வேலை. கருவியோ பெண்ணின் முதுகில் இருக்கிறது. அதனால் அந்த மாதம் முழுவதும் வரைபடத்தில் ஒரே இடத்தில் புள்ளிமேல் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது. செயலியும் "கூட்டில் உள்ளது" என்ற ஒரே வரியைத்தான் நாள்தோறும் காட்டியது. முட்டை பொரிந்ததையே ஒரு வாரம் கழித்து மின்மடலில்தான் அறிந்தேன். கூட்டருகே ஒரு கேமராவை வைத்து அதன் படத்தையும் சந்தாவில் சேர்த்திருக்க வேண்டும். அது இல்லாத வரை, குஞ்சு வளர்ப்பைப் பார்க்கும் ஆசையில் இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆவணியில் வலசை தொடங்கியதும் கட்டணம் முழுவதும் வசூலாகிவிட்டது. முதலில் தாய் தனியே கிளம்பியது. இரண்டு வாரம் கழித்துக் குஞ்சு, வழிகாட்ட யாருமின்றி, தானும் தனியே கிளம்பியது. நேரம் கிரீன்விச் கணக்கில் இருப்பதால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டாவது படிக்கும் என் மகள் அந்தக் கணக்கைப் போட்டு, பிரான்சில் பறவை கூடடையும் நேரத்தில் நாம் சாப்பிட்டு முடித்திருப்போம் என்பாள். பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும்போது இளம் பறவைகள் காற்றில் அட்லாண்டிக் பக்கம் ஒதுங்கித் தொலைந்துபோவது உண்டு என்று படித்திருந்ததால், அந்த இரண்டு இரவுகள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. இது கரையோரமாகவே போய்ச் சேர்ந்தது.

புரட்டாசியில் குஞ்சு மொராக்கோவைத் தாண்டியதும் புள்ளி நின்றுவிட்டது. ஆறு நாள் அசைவில்லை. "கடைசித் தகவல்" என்ற சொல்லைச் சிவப்பில் காட்டியதோடு செயலி தன் கடமையை முடித்துக்கொண்டது. மகள் அழுதுவிட்டாள். ஏழாம் நாள் காலையில் திறந்தபோது, சகாராவைத் தெற்கு நோக்கி அறுத்துச்செல்லும் புள்ளிகள் ஒரு சரமாக வந்து நின்றன. கருவி தகவலை அனுப்புவது கைப்பேசிக் கோபுரம் வழியாகத்தான். கோபுரம் இல்லாத பாலைவனத்தில் அது இடங்களைச் சேமித்து வைத்து, கோபுரம் கிடைத்ததும் மொத்தமாக அனுப்புகிறது. இந்த வகைக் கருவி அப்படித்தான் வேலை செய்யும். இதை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். புகார் எழுதினேன், மூன்று வாரம் கழித்து நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, செயலி மட்டும் மாறவில்லை. அத்துடன், புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டைப் பறவை போன வழி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது எங்கெல்லாம் வட்டமடித்தது என்பது அந்தக் கோட்டில் இருக்காது.

இப்போது குஞ்சு செனகலில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நெருக்கிப் பார்த்தால் விடியற்காலைப் புள்ளிகள் எல்லாம் அலையாத்தி மரம் ஒன்றின் மேலேயே விழுகின்றன. ஏழு மணிக்குமேல் ஆற்றுக்கு ஒரு நடை, பிறகு மறுபடி அதே மரம். மார்கழியில் அணைக்குப் போனபோது பரிசல்காரரிடம் இதைக் காட்டினேன். கைப்பேசியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்முளுதும் அந்தக் கட்டையை விட்டு நகராதுங்க" என்றார்.

சந்தாவில் இன்னொரு சிக்கல் உண்டு. இளம் விரால் அடிப்பான் அடுத்த வேனிலிலேயே திரும்பிவிடாது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலேயே இரண்டு ஆண்டு தங்கி, அதன் பிறகுதான் பிறந்த ஊருக்குக் கிளம்பும். கட்டணமோ ஆண்டுக்கு ஆண்டு. அது வடக்கே கிளம்புவதைப் பார்க்க இன்னும் இரண்டு முறை புதுப்பிக்க வேண்டும். முதல் தவணையைச் சென்ற வாரம் கட்டிவிட்டேன்.