தலைப்பிரசவ மூலிகை கிட்: பேரீச்சையும் பாதாம் எண்ணெயும் ஓகே, மத்தது எனக்கு வேண்டாம்

எனக்கு முதல் குழந்தை பொறந்து மூணு மாசம் ஆகுது. அவ தூங்குற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்றேன், அங்கங்க தாவி தாவி இருந்தா பொறுத்துக்கோங்க. ஏழாவது மாசம் முடியும்போது ஆன்லைன்ல ஒரு "நேச்சுரல் டெலிவரி கிட்" வாங்குனேன், அஞ்சு ஐட்டம் இருந்துச்சு: பேரீச்சம்பழம், ராஸ்பெர்ரி இலை டீ, ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில் (ஒரு பூச்செடியோட விதை எண்ணெய்) கேப்சூல், ஒரு சின்ன பாட்டில் விளக்கெண்ணெய், மசாஜுக்கு பாதாம் எண்ணெய். கம்பெனி பேர் சொல்லல, இதே மாதிரி கிட்டை நெறைய பேர் விக்கறாங்க, உள்ள இருக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் குடுக்கறேன், அந்த ரெண்டும் பேரீச்சைக்கும் பாதாம் எண்ணெய்க்கும் மட்டும்தான்.

பேரீச்சையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கு. ஜோர்டான்ல பண்ணி 2011ல வெளிவந்த ஒரு ஆய்வுல, டியூ டேட்டுக்கு முந்தின 4 வாரம் தினமும் 6 பழம் சாப்பிட்ட 69 பேரையும் சாப்பிடாத 45 பேரையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. சாப்பிட்டவங்க ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கர்ப்பப்பை வாய் சராசரியா மூன்றரை செ.மீ. திறந்திருந்துச்சு, மத்தவங்களுக்கு 2 செ.மீ. தான். தானா வலி வந்தது 96 சதவீதம், அந்தப் பக்கம் 79. கேக்க சூப்பரா இருக்குல்ல, ஆனா அது குலுக்கல் முறையில ரெண்டு குரூப்பா பிரிச்சு பண்ண ஆய்வு இல்ல, எண்ணிக்கையும் கம்மி. அதுக்கப்பறம் மலேசியால தலைப்பிரசவக்காரங்களை மட்டும் வெச்சு பண்ணி 2017ல வந்த ஆய்வுல, வலி சீக்கிரம் வர்றதுல பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா வலியை அதிகமாக்க ட்ரிப்ஸ் போட வேண்டிய தேவை கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு. அதனால இதை மந்திரம்னு நெனைக்காம, கெடுதல் இல்லாத ஒரு சின்ன உதவின்னு நெனைச்சு சாப்பிடலாம்.

நான் 36வது வாரத்துல ஆரம்பிச்சேன், காலைல மூணு, சாயங்காலம் மூணு. பழம் நல்ல தரம், மெத்துனு இருந்துச்சு, கடைசி மாசத்துல படுத்தி எடுத்த மலச்சிக்கலும் நல்லா கொறைஞ்சுது, அதுக்காகவே திரும்ப வாங்குவேன். ஆனா ஒண்ணு, கிட்ல வந்தது பெரிய மெஜூல் வகை, ஒரு பழத்துல சுமார் 66 கலோரி, 16 கிராம் சர்க்கரை, ஆறு சாப்பிட்டா 400 கலோரிய தொடுது. கர்ப்பகால சுகர் இருக்கறவங்க டாக்டரை கேக்காம ஆரம்பிச்சுடக்கூடாது, இந்த ஒரு வரி கூட பெட்டியில எங்கயும் இல்ல. எனக்கு சுகர் டெஸ்ட் நார்மல், அதனால டாக்டர் சாப்பிடச் சொன்னாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன், பேரீச்சை சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு நம்பி இரும்புச்சத்து மாத்திரைய நிறுத்திடாதீங்க, 100 கிராம் பழத்துலயே சுமார் 1 மில்லிகிராம் இரும்புதான் இருக்கு.

ராஸ்பெர்ரி இலை டீ, இது பழம் இல்ல, அந்தச் செடியோட காஞ்ச இலை. வாசனையும் கலரும் கிட்டத்தட்ட லைட்டான பிளாக் டீ மாதிரி, குடிக்க கஷ்டமா இல்ல. ஆஸ்திரேலியால 192 தலைப்பிரசவ பெண்களை வெச்சு பண்ணி 2001ல வந்த ஆய்வுல, 32வது வாரத்துல இருந்து இந்த இலை மாத்திரை குடுத்துப் பாத்திருக்காங்க. தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் தெரியல, ஆனா வலி ஆரம்பிச்சு கர்ப்பப்பை வாய் முழுசா திறக்கற அந்த நீளமான முதல் கட்டம் கொறையவே இல்ல, முக்குற கட்டம்தான் சராசரியா 10 நிமிஷம் போல கம்மி, அதுவும் தற்செயலா இருக்கலாம்ங்கற அளவுதான். கிட்ல எத்தனை கப், எந்த வாரத்துல இருந்துன்னு எதுவுமே போடல, வெறும் "தினமும் பருகவும்"னு இருக்கு. ரெண்டாவது மாசத்துல இருக்கற ஒரு பொண்ணு அதைப் படிச்சுட்டு குடிச்சா என்ன பண்றது? நான் 34வது வாரத்துல டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு கப் குடிச்சேன், ஒரு வாரத்துல வயிறு அடிக்கடி இறுகுற மாதிரி இருந்துச்சு, அது டீயால தானான்னு தெரியாது, பயந்து நிறுத்திட்டேன்.

பிரிம்ரோஸ் கேப்சூலை தொடவே இல்ல. வாய் வழியா எடுத்தவங்களுக்கு பிரசவ நேரம் கொறையலன்னு 1999லயே ஆய்வு வந்திருக்கு, அதுல சிலருக்கு பனிக்குடம் சீக்கிரம் உடைஞ்சு நேரம் இழுத்த மாதிரியும் தெரிஞ்சிருக்கு. அது போதும் எனக்கு.

இப்ப விளக்கெண்ணெய். எனக்கு கோவம் வந்தது இங்கதான். துண்டுச்சீட்டுல "37வது வாரம் முதல் ஒரு மூடி குடித்தால் சுகப்பிரசவம்"னு அச்சடிச்சிருக்காங்க. விளக்கெண்ணெய் வேலை செய்யாதுன்னு நான் சொல்லல, அதுல இருக்கற ரிசினோலிக் ஆசிட் குடலையும் சுருங்க வைக்குது கர்ப்பப்பையையும் சுருங்க வைக்குது, எலிகள்ல அது எப்படி நடக்குதுன்னு 2012ல கண்டுபிடிச்சும் இருக்காங்க. பிரச்சினையே அதுதான், பேதி, வாந்தி, வயித்தைப் பிசையற வலி எல்லாம் சேந்து வரும், உண்மையான வலி வர்றதுக்கு முன்னாடியே உடம்புல தண்ணி வத்தி தெம்பு போயிடும். முக்கறதுக்கு தெம்பு வேணும்ல? அதுவும் 37 வாரம்ங்கறது சும்மா இருக்கற குழந்தைய அவசரப்படுத்தற நேரம் இல்ல. ஏற்கனவே சிசேரியன் ஆனவங்க கைல இந்த கிட் கெடைச்சா நெனைக்கவே பயமா இருக்கு. டாக்டர்கிட்ட பாட்டிலை காட்டுனேன், "இதை வீட்ல வெச்சு குடிக்காதீங்கம்மா, வேணும்னா நாங்க கண்காணிச்சு மருந்து குடுப்போம்"னு சொன்னாங்க. அப்படியே மூடி வெச்சுட்டேன். ப்ளூ கோஹோஷ்னு ஒரு வேர் சேத்தும் சிலர் விக்கறாங்க, அதை தாய் சாப்பிட்டு பொறந்த குழந்தைக்கு இதயம் பாதிச்சதா 1998லயே மருத்துவ இதழ்ல வந்திருக்கு, லேபிள்ல அந்தப் பேர் இருந்தா வாங்கவே வாங்காதீங்க.

பாதாம் எண்ணெய் மட்டும் நெஜமாவே உபயோகம். 35 வாரத்துக்கு மேல, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற இடத்தை வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவ மெதுவா மசாஜ் பண்ணா தலைப்பிரசவத்துல தையல் போடற அளவுக்கு கிழியறதும் வெட்டறதும் ஓரளவு கொறையுதுன்னு கோக்ரேன் ரிவியூ (பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசற மருத்துவத் தொகுப்பு) சொல்லுது. எண்ணெயில மாயம் ஒண்ணும் இல்ல, கைதான் வேலை செய்யுது, வாசனை சேக்காத எந்த எண்ணெயும் போதும். மொத ரெண்டு தடவ எரிச்சலா, கூச்சமா இருந்துச்சு, அப்பறம் பழகிடுச்சு. முக்கும்போது வர்ற அந்த எரியற உணர்வு எனக்கு புதுசா தெரியல, அது பெரிய தைரியம்.

எனக்கு 39 வாரம் 4 நாள்ல ராத்திரி தானா வலி வந்துச்சு, போகும்போது 4 செ.மீ., மொத்தம் 14 மணி நேரம், ட்ரிப்ஸ் போடல, ரெண்டு தையல். இதுல பேரீச்சைக்கு எவ்ளோ பங்குன்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு நெஜமா கை குடுத்தது ரெண்டு: படுக்காம நடந்துட்டே இருந்தது, முதுக அழுத்திவிட்டுட்டு பக்கத்துலயே நின்ன என் வீட்டுக்காரர். நின்னுட்டும் நடந்துட்டும் இருந்தா முதல் கட்டம் சராசரியா ஒரு மணி நேரத்துக்கு மேல கொறையுதுன்னும் ஆய்வுத் தொகுப்பு இருக்கு, இதுக்கு கிட்டே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018ல சொன்னபடி, 5 செ.மீ. தாண்டினப்பறம் தலைப்பிரசவம் 12 மணி நேரம் வரைக்கும் போகறது வழக்கமானதுதான். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா "எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு"ன்னு அழுதிருக்க மாட்டேன்.

ஏற்கனவே கிட் வாங்கி வெச்சிருக்கீங்கன்னா அடுத்த செக்கப்புக்கு பெட்டியோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க. குழந்தை அசைவு கொறைஞ்சா, ரத்தம் பட்டா, பனிக்குடத் தண்ணி பச்சையா வந்தா டீ போட்டுட்டு வெயிட் பண்ணாதீங்க, உடனே கெளம்புங்க.

விளக்கெண்ணெய் சீட்டைப் பத்தி அவங்களுக்கு மெயில் போட்டேன், "இயற்கையானது, பக்க விளைவு கிடையாது"ன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. பேதி பக்க விளைவு இல்லையான்னு திரும்ப கேட்டேன், பதில் இல்ல. போன வாரம் பாத்தேன், அதே பாட்டில், அதே 37 வாரம், இன்னும் வித்துட்டுதான் இருக்காங்க.